நான்கு எல்லை எழுதிய ஷேர் ஆட்டோ

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர்; தண்ணீர் லாரி ஓட்டுகிறார். அம்மா பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்ததே ஓட்டுப் போடுவதற்குத்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் சட்டைகளுக்கு நூல் பிசிறு வெட்டுகிறாள். ஆகவே அயனம்பாக்கத்தில் எங்கள் வாசலுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அது நேராக என் கைக்கு வந்துவிடும். மின்வாரிய நோட்டீஸ், ரேஷன் கடை ஃபாரம், டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டு, எல்லாம். டாக்டர் கையெழுத்து எனக்கும் புரியாது என்று சொன்னால் அப்பா நம்பமாட்டார். "இன்ஜினியருக்கு நாலு வருசம் பட்ச்சிட்டு ஒரு மாத்திர பேரு படிக்கத் தெர்லன்றான்" என்று மருந்துக் கடைக்காரரிடமே சொல்வார்.

அதனால் எனக்கு வேலை கிடைத்து, சேருவதற்கான ஃபாரம் வந்த அன்று வீடே அதைச் சுற்றி உட்கார்ந்தது. எஸ்டேட்டிலேயே ஒரு மென்பொருள் கம்பெனி. மென்பொருளில் பிழை இருக்கிறதா என்று சோதிக்கும் வேலை. அம்மா பிசிறு வெட்டும் இடத்திலிருந்து நாலு தெரு தள்ளி. திங்கட்கிழமை காலை ஃபாரத்தை நிரப்பி எடுத்துக்கொண்டு போகவேண்டும். அப்பா பெயர், ரத்த வகை என்று சரசரவென்று எழுதிக்கொண்டே வந்தவன், இருபத்தோராவது கேள்வியில் நின்றேன்.

"உங்கள் மீது எப்போதாவது, எங்கேயாவது, ஏதேனும் புகார் கொடுக்கப்பட்டுள்ளதா? ஆம் / இல்லை. ஆம் எனில் விவரம் தருக."

முந்தின நாள்வரை அந்தக் கேள்வி வந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு "இல்லை" என்று எழுதியிருப்பேன். அன்று காலையில்தான் என்மேல் ஒரு புகார் வந்திருந்தது.

புகாருக்குக் காரணம் ஒரு ஷேர் ஆட்டோ. நிஜ ஆட்டோ இல்லை; விளையாட்டு. கல்லூரியில் கடைசி வருஷ புராஜெக்டுக்காகப் பாடியில் ஒரு காயலான் கடையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினேன். ஏதோ ஒரு கம்ப்யூட்டர் சென்டரை மூடியபோது எடைக்குப் போட்டது. அதன் வட்டுக்குள் இந்த விளையாட்டு இருந்தது. மஞ்சள் ஷேர் ஆட்டோவைப் பாடி மேம்பாலத்தில் கிளப்பி ஆவடி பஸ் ஸ்டாண்டு வரை ஓட்டவேண்டும். வழியில் கை காட்டுகிறவர்களை எல்லாம் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஆறு பேருக்கு மேல் ஏற ஏற ஹாரன் சத்தம் களைத்துப்போகும். பதினாலாவது ஆள் டிரைவர் மடியில் பாதி உட்காருவார். போலீஸ் பிடித்தால் மறுபடி பாடி. சிவப்பு சிக்னலில் நிற்காமல் போனால் ஐம்பது பாயிண்ட். எஸ்டேட்டைத் தாண்டினதும் ஒரு மாடு குறுக்கே நிற்கும். பதினாலு பேரோடு ஆவடி போய்ச் சேர்ந்தால், ஆங்கில எழுத்தில் "ஆவடி வந்துருச்சி, எறங்கு" என்று வரும். அதற்குக் கீழே ஒரு பெயர், பக்கத்தில் "மாணவர்" என்ற ஒரு சொல், அந்தக் கம்ப்யூட்டர் சென்டரின் பெயர். அவ்வளவுதான்.

புராஜெக்டு தாமதமானதற்கு இந்த விளையாட்டுதான் காரணம் என்பதை நான் அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் அந்த வட்டு டிக், டிக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. சாகப்போகிற வட்டின் சத்தம் அது. இணையம் முழுக்கத் தேடினேன். இந்த விளையாட்டு வேறு எங்கேயும் இல்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. பழைய விளையாட்டுகளைச் சேர்த்து வைக்கும் வெளிநாட்டு இணையதளம் ஒன்று உண்டு. அதில் கணக்குத் தொடங்கி, ஏற்றி, கீழே தமிழில் ஒரு பத்தி விளக்கமும் எழுதினேன். எட்டு மாதத்தில் கொஞ்சம் பேர் ஆடினார்கள். வளைகுடாவிலிருந்து ஒருவர், "எஸ்டேட் பஸ் ஸ்டாப்பைப் பார்த்ததும் லீவு போடணும்போல இருக்கு" என்று எழுதினார். இன்னொருவர், "மூணாவது ஸ்டாப்பில் நிக்கிற பச்சைப் புடவை எங்க சித்தி மாதிரியே கீறாங்க, ஏறிட்டு சில்லறை இல்லன்னு சொல்வாங்களா?" என்று கேட்டிருந்தார். நான் ஏதோ ஆவணக் காப்பகமே நடத்துகிறவன்போல ஒவ்வொன்றுக்கும் நன்றி எழுதினேன்.

பிறகுதான் அந்தக் கடிதம். "இந்த விளையாட்டு என்னால் உருவாக்கப்பட்டது. என் அனுமதி இல்லாமல் பொதுவில் போடப்பட்டுள்ளது. உடனே நீக்கவும்." கீழே கடைசித் திரையில் இருந்த அதே பெயர். ஒரு செல்போன் எண். இணையதளம் விளையாட்டை உடனே மறைத்துவிட்டு எனக்கு எழுதியது: உங்கள் கணக்கின் மேல் ஒரு புகார் பதிவாகியுள்ளது, கொடுத்தவரே திரும்பப் பெற்றால் மட்டும் அழிக்கப்படும்.

வீட்டில் சொன்னேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"புகாரா? எந்த ஸ்டேஷன்ல?"

"ஸ்டேஷன்ல இல்லம்மா. இன்டர்நெட்ல."

"அது எந்த ஸ்டேஷன் எல்லையில வருது?"

அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டார். "நீ இன்னா பண்ணே, அத்த சொல்லு மொதல்ல."

"ஒரு பழைய கேமை எல்லாரும் ஆடுற மாதிரி போட்டேன்."

"வித்தியா?"

"இல்லப்பா. சும்மாதான் குடுத்தேன்."

"சும்மா குடுத்ததுக்குப் புகாரா? நான் தெனம் லாரிலேர்ந்து அந்தக் கோடி ஊட்டுக்கு ரெண்டு கொடம் சும்மா உட்றேன். எவனாச்சும் புகார் குடுத்தானா?"

"அது உங்க தண்ணி இல்லியேப்பா. லாரி ஓனரு தண்ணி."

அப்பா மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டார். பிறகு அந்தப் பேச்சில் அவர் கலந்துகொள்ளவே இல்லை.

அம்மா தன் அண்ணனுக்குப் போன் போட்டாள். மாமா திருவேற்காட்டில் நிலத் தரகர். எங்கள் தாத்தாக்கள் நெல் போட்ட இடங்களையெல்லாம் மனையாக்கி விற்றுக்கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். உலகத்தில் நிலச் சட்டம் என்று ஒன்றுதான் இருக்கிறது; மற்ற சட்டமெல்லாம் அதற்குள் போட்ட சின்னச் சின்ன மனை என்பது அவர் நம்பிக்கை. கக்கத்தில் தோல் பையோடு வந்து உட்கார்ந்தார்.

"மாப்ள, தாய்ப் பத்திரம் கீதா?"

"கேமுக்கு எப்டி மாமா பத்திரம் இருக்கும்?"

"பத்திரம் இல்லாத சொத்தா? சரி உடு. அனுபவம் எத்தினி வருசம்? பன்னெண்டு வருசம் எவனும் கேக்காம நம்ம கைல இருந்தா நம்புளுதுன்னு சாதிக்கலாம்."

"எட்டு மாசம், மாமா."

"எட்டு மாசத்துல எவன்டா பட்டா குடுப்பான்!"

நான் அன்று பகல் முழுக்கச் சட்டத்தைப் படித்திருந்தேன். படித்ததைச் சொன்னேன். கம்ப்யூட்டருக்கு எழுதும் நிரல் நம் நாட்டுச் சட்டப்படி இலக்கியப் படைப்பு. எழுதியவர் உயிரோடு இருக்கும் வரை உரிமை அவருக்கு. இறந்தபின் இன்னும் அறுபது வருஷம். யாரும் விற்கவில்லை, யாரும் தேடவில்லை, அழியப்போகிறது என்பதற்காக நாம் எடுத்து ஊருக்குக் கொடுக்க முடியாது. நல்ல எண்ணம் என்பதற்கு அந்தச் சட்டத்தில் தனிப் பிரிவு எதுவும் எனக்குக் கண்ணில் படவில்லை.

"மாடு, ஷேர் ஆட்டோ, இதெல்லாம் இலக்கியமா?" என்றாள் அம்மா.

மாமாவுக்கு வேறு சந்தேகம். "எழுதனவரு உயிரோட கீறாரா?"

"புகார் குடுத்திருக்காரே மாமா. உயிரோடதான் இருக்கணும்."

"அதுவும் சர்தான். செத்தா அறுபது வருசம் யாரு அனுபவிக்கறது?"

"வாரிசுங்க."

"வாரிசா!" மாமாவின் முகம் மலர்ந்தது. வாரிசு என்ற சொல்லில்தான் அவர் பாதி வாழ்க்கையை ஓட்டியிருக்கிறார். "அப்ப மொதல்ல வில்லங்கம் பாக்கணும். வேற எவனுக்காச்சும் பாத்தியதை கீதான்னு தெரியாம ஒருத்தன்கிட்ட போய்ப் பேசக் கூடாது. பின்னால பத்து பேரு வருவான்."

நிலம் வாங்கும்போது பேப்பரில் பொது அறிவிப்புப் போடுவார்கள் இல்லையா, அதேபோல ஒன்றை என்னை எழுதவைத்து, தனக்குத் தெரிந்த வாட்ஸாப் குழுக்களில் எல்லாம் போட்டுவிட்டார். "பாடி முதல் ஆவடி வரையிலான ஷேர் ஆட்டோ விளையாட்டின் மீது எவருக்கேனும் பாத்தியதையோ ஆட்சேபணையோ இருப்பின் இரண்டு நாட்களுக்குள் தெரிவிக்கவும். தவறினால் எவ்வித உரிமையும் இல்லை எனக் கருதப்படும்." திங்கட்கிழமை ஃபாரம் கொடுக்க வேண்டியிருந்ததால்தான் இரண்டு நாள். இல்லாவிட்டால் பதினைந்து நாள் கொடுத்திருப்பார்.

மறுநாள் இரண்டு பேர் உரிமை கோரினார்கள்.

முதல் ஆள் ஒரு ஷேர் ஆட்டோ டிரைவர். விளையாட்டில் ஓடும் மஞ்சள் ஆட்டோவின் பின்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்குகிறதாம். அந்தக் காலத்தில் அந்த ரூட்டில் பின்னால் தொங்கவிட்டவர் அவர் ஒருவர்தானாம். "எல்லாரும் முன்னாடி கட்டுவானுங்க தம்பி. நான்தான் பின்னாடி. பின்னாடி வர்றவன் கண்ணுதான் பொல்லாத கண்ணு. அது என் வண்டி." இரண்டாவது ஆள் ஒரு பிரியாணிக் கடைக்காரர். அந்தக் கம்ப்யூட்டர் சென்டர் இருந்த கட்டடத்தில்தான் இப்போது அவர் கடை. "பில்டிங்க அப்டியே உள்ள கீற சாமானோட சேத்துத்தான் வாங்கினேன். அந்த கேமும் உள்ள இருந்த சாமான்தான?" என்றார். நான் பதில் தேடுவதற்குள் மாமா போனைப் பிடுங்கி, "நியாயமான கேள்வி. குறிச்சி வெச்சிக்கறோம் அண்ணாத்தே" என்றார்.

எனக்கு அழுகை வராத குறை. "மாமா, ஒரு புகாரை எடுக்கத்தான் உங்களக் கூப்ட்டோம். இப்ப மூணாயிடுச்சி."

"ரெண்டும் புகார் இல்ல மாப்ள, ஆட்சேபணை. உன் ஃபாரத்துல ஆட்சேபணையப் பத்திக் கேட்டிருக்கானா? இல்லல்ல?"

உண்மையிலேயே கேட்டிருக்கவில்லை. கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை காலை அந்தச் செல்போன் எண்ணுக்கு அடித்தேன். எடுத்த குரல், பின்னால் யாரிடமோ "ஹேண்ட் பிரேக்க எறக்குமா" என்று சொல்லிவிட்டு என்னிடம் பேசியது. விளையாட்டைச் செய்தவர் இப்போது வானகரத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார்! நான் யார் என்று சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"எல்.எல்.ஆர். வெச்சிகினு கீறியா?"

அப்பா வற்புறுத்தி எடுக்கவைத்த பழகுநர் உரிமம் என்னிடம் இருந்தது. ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. "இருக்கு சார்."

"பதினோரு மணிக்கு வர்றவரு இன்னிக்கு வர்ல. அந்த நேரத்துல வா. எனக்கு உக்காந்து பேசல்லாம் டைம் கெடையாது. ஓட்டிகினே பேசு."

அவர் அலுவலகச் சுவரில் "சிக்னலில் நிற்பவனே சிறந்த ஓட்டுநர்" என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அதைப் படித்ததுமே புகாரின் காரணம் எனக்குப் பாதி புரிந்துவிட்டது. மாஸ்டருக்கு நாற்பது வயதுக்குப் பக்கம் இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் விசில். நான் டிரைவர் சீட்டில், அவர் பக்கத்தில், அவர் காலடியில் இன்னொரு பிரேக். மாமா பையோடு பின்சீட்டில்.

"போன வாரம் ஒரு பையன்," என்று ஆரம்பித்தார் மாஸ்டர். "வந்து ரெண்டாவது நாளு. செகப்பு சிக்னல்ல நேரா உட்டான். இன்னாடான்னு கேட்டா, 'சார், அம்பது பாயிண்ட்'டுன்றான். உங்க பேரு போட்ட கேம்லதான் சார் கத்துக்கினேன்றான்! பஸ்ட் கியர் போடு. கிளட்ச். கிளட்ச்! நான் இந்த ஏரியாவுல எத்தினி பேருக்கு லைன் டிசிப்ளின் சொல்லிக் குடுத்துகினு கீறேன். என் மானத்த வாங்கறதுக்குன்னே எங்கேர்ந்துடா தோண்டி எட்த்த அத்த?"

"பாடி காயலான் கடைல சார்."

"காயலான் கடைக்குப் போனது அங்கியே கெடக்கட்டும்னு உட வேண்டியதுதான?"

"அழிஞ்சிடும்னு..."

"அழியட்டும்! இண்டிகேட்டர் போடு!"

பின்சீட்டிலிருந்து மாமா தலையை நீட்டினார். "தலைவரே, கோவப்படாதீங்க. ஒரு சந்தேகம். நீங்க இத்த சென்டர் மிஷின்லதான பண்ணீங்கோ? அப்ப அது சென்டருக்குப் பாத்தியதையா, உங்களுக்கா? ஏன்னா அந்தக் கட்டடத்த வாங்கின பிரியாணிக்காரு ஒருத்தரு..."

"பிரியாணிக்காரனா?" மாஸ்டர் திரும்பிய வேகத்தில் விசில் பல்லில் இடித்தது. "நான் அங்க பீஸ் கட்டிப் படிச்சவன்யா. சம்பளத்துக்கு வேலை பாக்கல. என் மூள, என் கை."

சட்டப்படி அவர் சொன்னதுதான் சரி. சம்பளத்துக்குச் செய்தால்தான் முதலாளிக்குப் போகும். அதை நான் சொன்னேன். என்மேல் புகார் கொடுத்தவருக்கே நான் ஆதாரம் எடுத்துக்கொடுப்பதைப் பார்த்து மாமா பின்னாலிருந்து என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். வண்டி கொஞ்சம் இடதுபக்கம் போனது.

இப்படியே வானகரம் சிக்னலுக்கு வந்துவிட்டோம். மஞ்சள் விழுந்து சிவப்பானது. நான் சத்தியமாக நிறுத்தத்தான் நினைத்தேன். ஆனால் வாழ்க்கையில் நான் ஓட்டிய ஒரே வண்டி அந்த மஞ்சள் ஆட்டோதான். சிவப்பைப் பார்த்ததும் கால் தானாக அழுத்திவிட்டது. மாஸ்டரின் கால் அவர் பிரேக்கில் பாய்ந்தது. வெள்ளைக் கோட்டை மூக்கால் தாண்டி வண்டி குலுங்கி நின்றது. அந்தக் குலுக்கலில் இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் கத்தின.

"அம்பது!"

ஒன்று என் குரல். இன்னொன்று மாஸ்டருடையது.

"அம்பது சென்ட்டா? எங்க?" என்றார் மாமா.

நிழற்குடையில் நின்ற போக்குவரத்துக் காவலர் எங்கள் வண்டியின் மேலிருந்த டிரைவிங் ஸ்கூல் பலகையையும் கீழே வெள்ளைக் கோட்டையும் மாறிமாறிப் பார்த்தார். "நல்லா சொல்லிக் குடுக்கறீங்க மாஸ்டர்" என்று மட்டும் சொன்னார். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு வணக்கம் வைத்தார்.

பச்சை விழுந்ததும் வண்டியை எப்படியோ கிளப்பினேன். பிறகு மாஸ்டர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"ஆவடி வரைக்கும் போனியா?"

"போனேன் சார்."

"எத்தினி பேரோட?"

"பதினாலு."

"பொய் சொல்லாத. மாட்ட இன்னா பண்ணே?"

மாட்டை என்ன செய்தேன் என்று சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது; ஏன் என்பது பின்னால் வரும். மாஸ்டர் முதல்முறையாக என்னை முழுசாகத் திரும்பிப் பார்த்தார்.

"அந்த சென்டர்ல இருந்த ஒருத்தனும் கண்டுபுடிக்கலடா. எங்க சாரே கண்டுபுடிக்கல. எத்தினி நாளு ஆச்சி உனுக்கு?"

"ஒரு செமஸ்டர் சார்."

அவருக்கு உதட்டோரம் சிரிப்பு வந்தது. உடனே அதைத் துடைத்துக்கொண்டார். "சரி. ஒண்ணு பண்ணு. சிக்னல் தாண்டினா அம்பது பாயிண்ட் கொறையற மாதிரி மாத்திப் போடு. புகார எட்த்துட்றேன்."

மாற்றுவது சுலபம். ஒரு கூட்டல் குறியைக் கழித்தலாக்கினால் போதும். பத்து நிமிட வேலை. திங்கட்கிழமை இருபத்தோராவது கேள்விக்கு "இல்லை" என்று எழுதலாம். அம்மா ஏற்கெனவே கம்பெனியில் தன் வரிசையில் உட்காரும் அத்தனை பேரிடமும் மகனுக்கு ஏ.சி. ஆபீஸ் என்று சொல்லிவிட்டாள். இருந்தாலும் சொன்னேன்.

"மாத்த முடியாது சார்."

"இன்னாது?"

"நீங்க மாத்தலாம் சார். உங்க உரிமை. மாத்தினா அது ரெண்டாவது கேம். மொதல்ல பண்ணது எப்டி இருந்துச்சோ அப்டியே இருந்தாத்தான் அது பாதுகாத்தது. தப்பு இருந்தாலும் அந்தத் தப்போடதான் இருக்கணும். இல்லன்னா வேணாம் சார், மறைச்சது மறைச்சபடியே இருக்கட்டும். நான் ஃபாரத்துல 'ஆம்'னே எழுதிக்கறேன்."

இதைக் கொஞ்சம் கம்பீரமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லி முடிக்கும்போது கிளட்சை விட்டுவிட்டேன். வண்டி நடுரோட்டில் விக்கி நின்றது. பின்னால் ஒரு கல் லாரி ஹாரன் அடிக்க ஆரம்பித்தது.

"புகார் உம்மேல, கண்டிஷன் நீ போட்றியா?" என்றார் மாஸ்டர். "மொதல்ல சாவியத் திருப்பு!"

மாமா இரண்டு சீட்டுக்கும் நடுவில் முழுசாக வந்துவிட்டார். "இருங்க, இருங்க. இத மாதிரி எத்தினி பாத்திருக்கேன். வாங்கற எடத்துக்கு நடுவுல ஒரு பழைய கோயிலு கீதுன்னு வெச்சிக்கோங்க. இடிக்க முடியுமா? முடியாது. மாத்திக் கட்ட முடியுமா? அதுவும் முடியாது. இன்னா பண்ணுவோம்? பக்கத்துல ஒரு போர்டு வெப்போம். கோயிலு கோயிலாவே இருக்கும், போர்டுல நம்ம சொல்ல வேண்டியதச் சொல்லிக்கலாம்."

"இன்னா போர்டு?"

"'இதில் வருவதைச் சாலையில் செய்யாதீர்கள்'னு. கீழ உங்க ஸ்கூல் பேரு, போன் நம்பர். 'உண்மையில் ஓட்டப் பழக அணுகவும்.'"

மாஸ்டர் யோசித்தார். லாரிக்காரர் இறங்கி வருவது கண்ணாடியில் தெரிந்தது. "எழுதிக்கோ" என்றார் மாஸ்டர்.

விளையாட்டைத் தொடாமல், அதன் பக்கத்தில் எழுதும் விளக்கத்தில் எத்தனை பலகை வேண்டுமானாலும் வைக்கலாம். எனக்கும் அதில் கொள்கைச் சிக்கல் இல்லை.

அன்று மத்தியானம் திருவேற்காட்டில் மாமாவின் அறையில் பத்திரத்தாளில் ஒப்பந்தம் எழுதினோம். மாமா சொல்ல, நான் அடித்தேன். ஒரு பக்கம் முடிந்ததும் மாமா, "இப்ப நான்கெல்லை சொல்றேன், போடு" என்றார்.

"கேமுக்கு எதுக்கு மாமா எல்லை?"

"எல்லை இல்லாத பத்திரத்த எவன்டா மதிப்பான்? கெழக்கே இன்னா?"

"பாடி மேம்பாலம்" என்றார் மாஸ்டர், யோசிக்காமல்.

"மேற்கே?"

"ஆவடி பஸ் ஸ்டாண்டு."

வடக்குக்கும் தெற்குக்கும் கொஞ்சம் திணறினோம். கடைசியில், வடக்கே திரையின் மேல் விளிம்பு, தெற்கே பாயிண்ட் காட்டும் பட்டை, "இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட சாலை, சிக்னல்கள், ஆட்டோ ஒன்று, பயணிகள் பதினான்கு பேர், மாடு ஒன்று சகிதம்" என்று முடித்தோம். உரிமை மாஸ்டருக்கே, யாரும் விற்கக் கூடாது, இலவசமாகப் பகிர அனுமதி, உள்ளே ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது. நான்காவது ஷரத்தை மாஸ்டரே சேர்க்கச் சொன்னார்: மாட்டைக் கடக்கும் வழியை இரண்டாம் தரப்பினர் எவரிடத்தும் எக்காலத்தும் எவ்வகையிலும் வெளியிடக் கூடாது. இரண்டாம் தரப்பினர் நான். அதனால்தான் மேலே எழுதவில்லை.

சாட்சிக் கையெழுத்துக்கு மாமா ஆட்டோ டிரைவரையும் பிரியாணிக் கடைக்காரரையுமே வரவழைத்துவிட்டார். சாட்சி போட்டுவிட்டால் அப்புறம் ஆட்சேபணை செய்ய முடியாது என்பது அவர் கணக்கு. ஆட்டோ டிரைவர் லேப்டாப்பில் தன் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். கிட்டப் போய்ப் பார்த்தார். "பச்ச மொளகா ஏழு இருக்கணும். அஞ்சிதான் போட்டுகீறே" என்று மாஸ்டரிடம் குறைபட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார். மாஸ்டர் அங்கேயே செல்போனில் புகாரைத் திரும்பப் பெற்றார்.

இருந்தாலும் கேள்வி "எப்போதாவது" என்றல்லவா இருந்தது. திரும்பப் பெற்றாலும் கொடுத்தது கொடுத்ததுதானே. ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்து, "ஆம். ஒன்று. சமரசமாக முடிந்தது. பத்திர நகல் இணைப்பு" என்று எழுதினேன். அப்பா, "இவ்ளோ நல்லவனா இருந்தா எப்டிடா லாரி ஓட்டுவே?" என்றார். நான் லாரி ஓட்டப் போவதில்லை என்பது அவருக்கு ஏனோ அப்போது நினைவில் இல்லை.

திங்கட்கிழமை அந்தக் கம்பெனியில் ஹெச்.ஆர். மேடம் ஃபாரத்தைப் புரட்டிக்கொண்டே வந்து இருபத்தோராவது கேள்வியில் நின்றார். இணைப்பை எடுத்தார். வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார்.

"தம்பி, ஏதாவது நிலத் தகராறா?"

"இல்லங்க மேடம். ஷேர் ஆட்டோ கேம்."

"கிழக்கே பாடி மேம்பாலம்னு போட்டிருக்கு?"

"அங்கேர்ந்துதான் மேடம் கெளம்பும்."

எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். அவர் நடுவில் ஒருமுறை தண்ணீர் குடித்தார். முடித்ததும், "இந்தக் கேள்வி போலீஸ் புகாருக்கு மட்டும்தான் தம்பி. பக்கத்துல சின்ன எழுத்துல போட்டிருக்கே" என்றார்.

போட்டிருந்தது. வீட்டுக்கு வரும் காகிதம் அத்தனையையும் படிக்கிற நான், அதைப் படிக்கவில்லை. புது ஃபாரம் ஒன்று கொடுத்தார். "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பத்திர நகலைத் திருப்பிக் கேட்டேன். "இது என்கிட்டயே இருக்கட்டுமே" என்றார் மேடம்.

மூலப் பத்திரத்தை அம்மா பீரோவில் வீட்டுப் பட்டாவுக்கு மேலே வைத்திருக்கிறாள். என் பெயர் போட்டு எழுதிய முதல் பத்திரம் என்பதால் அதற்குக் குங்குமப் பொட்டு வைத்து, பிளாஸ்டிக் உறையும் வாங்கிப் போட்டிருக்கிறாள். விளையாட்டு மறுபடி இணையத்தில் இருக்கிறது. பலகையைப் பார்த்து மூன்று பேர் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்திருக்கிறார்கள். மூன்று பேரும் சிவப்பு சிக்னலில் நிற்கமாட்டேன் என்கிறார்கள் என்று மாஸ்டர் போனில் திட்டினார். ஆனால் ரொம்ப நேரம் திட்டினார், எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்றும் கேட்டார்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வாரம், சாப்பாட்டு வேளையில் ஹெச்.ஆர். மேடம் என் மேசைக்கு வந்தார். ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று எழுந்து நின்றேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, பன்னெண்டு பேர் வரைக்கும் ஏத்திட்டேன். எஸ்டேட் தாண்டினதும் அந்த மாடு வழிய விடவே மாட்டேங்குது. எப்படிப் போறது?"

அவர் கையெழுத்துப் போட்டால்தான் என் வேலை நிரந்தரமாகும். எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் என்ன செய்வது?

"மன்னிச்சிடுங்க மேடம்," என்றேன். "நாலாவது ஷரத்தைப் பாருங்க. நகல் உங்ககிட்டதான் இருக்கு."